வெளியே ஆறிவிட்டது, உள்ளே?

தம்பி!

சென்ற கிழமை நெசவாளர் தோழர்கள் நிறைந்த ஓர் ஊரில் பொதுக்கூட்டம். பேசி முடித்து மேடையை விட்டு இறங்குகிறேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார் ஒரு தோழர். கொடி கட்டுவதில் முதல் ஆள். உண்டியல் குலுக்குவதில் முதல் ஆள். ஊர்வலத்தில் முதல் வரிசை ஆள். கையிலே கற்கண்டுப் பொட்டலம், முகத்திலே முழுநிலவு.

"அண்ணே! பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நீங்கள்தான் பெயர் வைக்க வேண்டும்."

"மகிழ்ச்சி! தாய் நலமா?"

"நலம் அண்ணே. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பத்து நாள் ஆயிற்று. தையல் பிரித்தாகிவிட்டது. புண் சுத்தமாக ஆறிவிட்டது. அடுத்த மாதமே தறியில் உட்கார்ந்துவிடுவாள். 'அடுத்த வருடம் இதே நாளில் ஆண் பிள்ளைக்குப் பெயர் வைக்க அண்ணனை அழைப்போம்' என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்!"

கற்கண்டை வாயில் போட்டேன். இனிக்கவில்லை, தம்பி!

குழந்தை பிறந்தது குறித்து வருத்தமா? இல்லை. பெண்ணாகப் பிறந்தது குறித்தா? அப்படி நினைப்பவன் நம் கொடியின் நிழலில் நிற்கவே தகுதியற்றவன். பின் ஏன் இனிக்கவில்லை? "ஆறிவிட்டது" என்றாரே, அந்த ஒரு சொல்தான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எது ஆறிவிட்டது? கண்ணுக்குத் தெரிந்த தோல் ஆறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கருப்பை? அங்கே என்ன நடக்கிறது என்பதை அந்தத் தோழரிடம் எவரும் சொல்லவில்லை. தலைவர்கள் வரலாறு தெரியும் அவருக்கு. தேர்தல் கணக்குத் தெரியும். நூல் விலை தெரியும். தன் துணைவியின் வயிற்றுக்குள் ஒரு தையல் இருக்கிறது, அதற்கு ஒரு காலக் கணக்கு இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அவர் குற்றமல்ல அது. நாம் மேடையில் பேசவில்லையே, நம் குற்றம்! ஆகவே இன்று பேசுகிறேன்.

வயிற்றைத் திறக்கும் டாக்டர் எத்தனை கதவுகளைத் திறக்கிறார், எண்ணிப் பார். தோல் ஒன்று. அதன் கீழே கொழுப்பு. அதற்கும் கீழே வெண்மையான, வலுவான ஓர் உறை. பிறகு வயிற்றுத் தசை. அதைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, இரு பக்கமும் விலக்குகிறார்கள். பிறகு மெல்லிய சவ்வு. இத்தனையும் கடந்த பிறகுதான் கருப்பை. அதன் கனத்த தசைச் சுவரை அறுத்துத்தான் குழந்தையை எடுக்கிறார்கள். பத்தாம் நாள் நீ பார்த்து மகிழ்வது முதல் கதவை மட்டுமே. கடைசிக் கதவை நீ பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. வாசல் கதவுக்கு வண்ணம் பூசியாகிவிட்டது என்பதனால் வீட்டுக்குள் விழுந்த சுவர் எழுந்து நின்றுவிட்டது என்று பொருளா?

அந்தச் சுவரைத் தைக்க வேண்டும் என்ற அறிவு மனித இனத்துக்கு எப்போது வந்தது தெரியுமா? நேற்றுத்தான் வந்தது, தம்பி! வந்த கதையைச் சொன்னால் வியப்பாய், வேதனையும் படுவாய்.

சிசேரியன் என்கிறோமே, அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது கட்டுக்கதை. ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் தாயின் வயிற்றைக் கிழித்துப் பிறந்தான், ஆகவே அந்தப் பெயர் என்பார்கள். மாவீரன் மற்றவரைப் போலப் பிறக்கலாமா என்ற எண்ணம் நம் நாட்டுப் புராணிகருக்கு மட்டும் உரியதல்ல போலும்! ஆனால் சீசரின் தாய் அவுரேலியா, மகன் வளர்ந்து படைத்தலைவனாகிப் போர்க்களம் போகும்வரை உயிரோடு இருந்தவள். அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்தால் தாய் பிழைப்பதேது? கருவுற்ற நிலையில் ஒருத்தி இறந்தால், குழந்தையை வெளியே எடுக்காமல் அடக்கம் செய்யக் கூடாது என்று ரோம நாட்டில் சட்டம் இருந்தது. இறந்தவளுக்குச் செய்த அறுவை அது. உயிருள்ளவளுக்குச் செய்தால், அவளும் இறந்தவள் ஆனாள்; அவ்வளவுதான்!

நூற்றாண்டுகள் உருண்டோடின. பாரிஸ் நகரம்! நாகரிகத்தின் தலைநகரம் என்று நெஞ்சு நிமிர்த்திய நகரம்! அங்கே 1787 முதல் 1876 வரை, ஏறத்தாழ 90 ஆண்டுக் காலம், இந்த அறுவைக்கு ஆளான தாய்களில் ஒருத்திகூடப் பிழைக்கவில்லை என்று மருத்துவ வரலாறு எழுதிவைத்திருக்கிறது. காரணம்? கருப்பையை அறுத்தார்கள், குழந்தையை எடுத்தார்கள், வயிற்றை மூடினார்கள், கருப்பையை மட்டும் தைக்காமல் விட்டார்கள்! "அது தானே சுருங்கி மூடிக்கொள்ளும், தைத்தால் நூல் உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும்" என்பது அன்றைய பண்டிதர்கள் வாதம். இரத்தம் கொட்டிச் செத்தவர்கள் எத்தனை பேர்! அழுக்குக் கையின் நஞ்சு பரவிச் செத்தவர்கள் எத்தனை பேர்!

அதே காலத்தில், அவர்களால் காட்டுமிராண்டிகள் என்று ஏசப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் என்ன செய்தார்கள்? 1879ஆம் ஆண்டு உகாண்டாவில், கஹுரா என்ற இடத்தில், ஃபெல்கின் என்ற ஆங்கிலேயர் தம் கண்ணால் கண்டு எழுதினார். உள்ளூர் மருத்துவர் வாழைப்பழ மதுவைத் தாய்க்குக் கொடுத்து மயக்கினார், அந்த மதுவாலேயே தம் கைகளையும் அவள் வயிற்றையும் கழுவினார், குழந்தையை எடுத்தார், கருப்பையைத் தைக்கவில்லை, பிடித்துவிட்டுச் சுருங்கச் செய்தார், வயிற்றை இரும்பு ஊசிகளால் மூடினார், வேர்களை அரைத்துப் பற்றுப் போட்டார். தாய் பிழைத்தாள்! மாளிகை நகரத்துப் பண்டிதன் கை கழுவவில்லை. குடிசைக்காரன் கை கழுவினான். உயர்வு பிறப்பில் இல்லை, நிறத்தில் இல்லை, செய்யும் முறையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1876இல் இத்தாலி நாட்டுப் பாவியா நகரத்தில் போர்ரோ என்ற டாக்டர் ஒரு வழி கண்டார். கருப்பையில் இரத்தம் நிற்காததுதானே தொல்லை? குழந்தையை எடுத்ததும் கருப்பையையே அறுத்து எடுத்துவிட்டார். தாய் பிழைத்தாள். ஆனால் அவளுக்கு மறு குழந்தை என்பது இல்லை என்றாயிற்று.

பிறகு வந்தார், ஜெர்மனி நாட்டு லைப்சிக் நகரத்து மாக்ஸ் சேங்கர். அவருக்கு அப்போது 30 வயதுகூட நிரம்பவில்லை. 1882ஆம் ஆண்டு அவர் சொன்னார்: கருப்பையை எடுக்காதே, தைத்து மூடு! வெள்ளிக் கம்பியும் பட்டு நூலும் கொண்டு, அடுக்கடுக்காகத் தைத்து மூடு! மூத்தவர்கள் முகம் சுளித்தார்கள். தாய்கள் பிழைத்தார்கள். மூத்தவர்கள் வாய் மூடினார்கள்.

அந்த வெள்ளிக் கம்பித் தையல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் தம்பி, உன் கண் கலங்கப் போகிறது. அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், 1845 தொடங்கி 1849 வரை, ஜே. மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர், பிரசவத்தில் உள்ளுறுப்புக் கிழிந்துபோன கறுப்பினப் பெண்களை வைத்துத் தையல் கலையைப் பழகினார். அவர்கள் அடிமைகள். சம்மதம் கேட்க வேண்டியது எசமானனிடம், அவர்களிடமல்ல! மயக்க மருந்து கொடுக்காமல் அறுத்தார், தைத்தார், பிரிந்தது, மறுபடி தைத்தார். அனார்ச்சா என்ற பெண்ணுக்கு மட்டும் சுமார் 30 முறை! கடைசியில் வெள்ளிக் கம்பி பிடித்துக்கொண்டது. சிம்சுக்குச் சிலை எழுந்தது. அனார்ச்சா, பெட்சி, லூசி என்ற அந்தப் பெண்களுக்கு? பெயர் எஞ்சியதே பெரிது. நியூயார்க் நகரப் பூங்காவில் நின்ற சிம்ஸ் சிலையை 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் அகற்றினார்கள். நூற்றாண்டு கடந்து வந்த நியாயம்!

ஏன் இதைச் சொல்கிறேன்? உன் துணைவியின் வயிற்றுக்குள் இருக்கும் தையல் இலேசான தையல் அல்ல. அடிமைப் பெண்கள் துடித்த துடிப்பு அதிலே இருக்கிறது. 90 ஆண்டுக் காலம் ஒரு நகரமே தாய்களைப் புதைத்த துயரம் அதிலே இருக்கிறது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தையலை, அவசரத்தால் பாழாக்குவதா?

இனி, அந்தப் புண் ஆறும் முறையைக் கேள்.

பிரசவத்தன்று கருப்பையின் எடை சுமார் ஒரு கிலோ. ஒரு வாரத்தில் அரைக் கிலோவாகிறது. ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே போய்விடுகிறது. அதாவது, தைத்த சுவர் அப்படியே நிற்கவில்லை. நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வருகிறது. சுருங்கும் சுவரிலேதான் புண்ணும் ஆற வேண்டும். எந்தக் கொத்தனாருக்கும் வாய்க்காத வேலை இது!

அந்த வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் சில நாட்கள், துப்புரவு வேலை: இரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது, வெள்ளையணுக்கள் வந்து இறந்த திசுவை நீக்குகின்றன, கிருமியோடு போராடுகின்றன. அடுத்த சில வாரங்கள், கட்டுமான வேலை: கொலாஜன் என்னும் புரத நார் இழை இழையாகப் பின்னப்படுகிறது. அதன் பிறகு பல மாதங்கள், சீரமைப்பு வேலை: தாறுமாறாகக் கிடந்த நார்கள் ஒழுங்குபட்டு உறுதி பெறுகின்றன. தையல் நூலோ இரண்டு மூன்று மாதத்தில் கரைந்து மறைகிறது. அதற்குப் பிறகு அந்தத் தழும்பு தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு இணைப்பவன் நீ. முடிச்சு முடிச்சுத்தான், இழை ஆகாது என்று உனக்குத் தெரியும். கருப்பையிலும் அப்படியே. ஓரங்களில் தசை ஓரளவு மீண்டும் வளரும். நடுவிலே நிற்பது தழும்புத் திசு. தசையைப் போல அது சுருங்கி விரியாது. காந்தப் படக் கருவி கொண்டு தாய்மாரைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர்கள் சொல்கிறார்கள்: தழும்பு முதிர்வதற்குச் சுமார் 3 மாதம், கருப்பையின் அடுக்குகள் பழைய அமைப்புக்குத் திரும்பக் குறைந்தது 6 மாதம். பத்தாம் நாள் "ஆறிவிட்டது" என்றாரே நம் தோழர்! பத்தாம் நாளில் கட்டுமான வேலைக்குக் கல்லும் மண்ணும் இறங்கிக்கொண்டிருக்கிறது, தம்பி!

"டாக்டர் நன்றாகத் தைத்திருந்தால் போதாதா?" என்று கேட்பாய். டாக்டர் கைத்திறன் வேண்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில், 15,000க்கும் மேற்பட்ட தாய்மார்கள் பங்கு கொண்ட பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. கருப்பையை ஓர் அடுக்காகத் தைப்பதா, இரண்டு அடுக்காகத் தைப்பதா என்பதும் அதில் ஒரு கேள்வி. மூன்றாண்டு கழித்துப் பார்த்த முடிவு 2016இல் வெளிவந்தது: பெரிய வேறுபாடு காணப்படவில்லை! ஆகவே தையலோடு முடிந்தது என்று எண்ணாதே. கிருமி தொற்றாமல் காப்பது, இரத்தசோகை போக்கும் உணவு, ஓய்வு, அடுத்த கருவுக்கு முன் இடைவெளி, இவையெல்லாம் டாக்டர் வீட்டில் இல்லை. உன் வீட்டில் இருக்கின்றன. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. இரத்தமே குறைந்த உடம்பு எதைக் கொண்டு புண்ணை ஆற்றும்? ஆண்களுக்குப் பரிமாறிய பிறகு மிஞ்சிய குழம்பைக் கொண்டா?

இடைவெளி என்றேனே, அதற்குக் கணக்கு இருக்கிறது. முன்பு அறுவை நடந்தவர்கள் அடுத்த முறை வலி எடுத்துப் பெற முயன்றபோது, பழைய தழும்பு கிழிந்தது எத்தனை பேருக்கு என்று அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தில், ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்கும் பிரசவத்துக்கும் நடுவே 18 மாதத்துக்கு மேல் விட்டவர்களில் 100க்கு ஏறத்தாழ ஒருவர். 18 மாதத்துக்குள் பெற்றவர்களில் 100க்கு இரண்டுக்கும் சற்று மேல். இருமடங்கு! 18 மாதம் என்றால் குழந்தை ஒன்பது மாதத்தில் தவழும்போதே தாய் மறுபடி கருவுற்றாள் என்று பொருள். நம் தோழரின் அம்மா போட்ட கணக்கு அதையும்விடக் குறைவு. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்கு முயலக் குறைந்தது 24 மாதம் பொறுத்திரு என்பது உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர்கள் 2005இல் தந்த அறிவுரை.

கிழிந்தால் என்ன ஆகும்? குழந்தையின் இதயத்துடிப்புத் தடுமாறும். வலிக்கும் வலிக்கும் இடையிலும் ஓயாத வலி எடுக்கும். இரத்தம் உள்ளுக்குள்ளேயே கொட்டும். அந்த நேரத்தில் அறுவைக்கூடமும் இரத்தமும் பக்கத்தில் இருந்தால் உயிர்; இல்லையேல், நான் சொல்லவும் வேண்டுமா?

அச்சுறுத்துகிறேன் என்று எண்ணாதே, நம்பிக்கையும் சொல்கிறேன். "ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான்" என்று 1916இல் நியூயார்க் டாக்டர் கிராகின் எழுதினார். அவர் காலத்தில் கருப்பையின் மேல்பகுதியை நெடுக்காக அறுத்தார்கள். அங்கே தசை கனம். வலியின்போது ஓங்கி ஓங்கிச் சுருங்கும் இடம். அங்கே விழுந்த தழும்பு, வலி எடுக்கும்போது 100க்கு 4 முதல் 9 பேர்வரை கிழியக் கூடும். 1920களில் கிளாஸ்கோ நகரத்து மன்ரோ கெர் என்ற டாக்டர், "மேலே வேண்டாம், கீழே அறு, நெடுக்காக வேண்டாம், குறுக்காக அறு" என்று வாதாடினார். கீழ்ப்பகுதி மெல்லியது, அமைதியானது. தழும்பு நன்றாகக் கூடும். இன்று பெரும்பாலான அறுவைகள் அப்படித்தான். அந்தத் தழும்போடு வலி எடுத்துப் பெற முயல்பவர்களில், கிழிவது ஏறத்தாழ 200க்கு ஒருவருக்கு. அப்படி முயல்பவர்களில் 100க்கு 60 முதல் 80 பேர்வரை அறுவையின்றியே பெற்றெடுக்கிறார்கள். முயலலாமா, கூடாதா என்பதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், முயலும் இடம் அறுவைக்கூடம் உள்ள மருத்துவமனை, வீடு அல்ல!

டாக்டர் சொல்வதற்கும் அவருக்கு ஒன்று தெரிய வேண்டும்: முன்பு எந்தத் திசையில் அறுத்தார்கள்? "தோலில் குறுக்காகத்தானே இருக்கிறது" என்று நீ சொல்வாய். தோலின் தழும்பு உள்தழும்பைக் காட்டாது, தம்பி! வெளியே குறுக்காக இருக்கும். உள்ளே நெடுக்காக இருக்கக் கூடும். அதை அறிவிப்பது ஒரு காகிதம்: மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டு. அதைப் பரணில் எறிகிறாய். பால் கணக்கு எழுதுகிறாய். ரேஷன் அட்டையை எங்கே வைக்கிறாயோ, அங்கே அதை வை. எந்தக் காரணத்துக்காக அறுத்தார்கள், கருப்பையில் எந்தப் பகுதியில், எந்தத் திசையில் அறுத்தார்கள், காய்ச்சலோ சீழோ வந்ததா, இவை அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேள். எழுதப்படாவிட்டால் எழுதித் தரச் சொல். கேட்பது பிச்சையல்ல, உரிமை!

இன்னொரு ஆபத்தும் உண்டு. அடுத்த கருவில் நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேலே போய் ஒட்டிக்கொண்டு, வேர்விட்டு, பிரிய மறுக்கலாம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மறைத்து நிற்கும் தாய்களை அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் ஆராய்ந்து 2006இல் கணக்குச் சொன்னார்கள். முதல் சிசேரியனில் அப்படி ஒட்டிக்கொண்டது 100க்கு 3 பேருக்கு. இரண்டாவதில் 11 பேருக்கு. மூன்றாவதில் 40 பேருக்கு! "ஆண் பிள்ளை பிறக்கும்வரை பார்ப்போம்" என்று சொல்லும் வாய்கள் இந்த எண்களை ஒருமுறை உரக்கப் படிக்கட்டும். 3, 11, 40! ஒவ்வொரு தழும்பும் அடுத்ததை ஆபத்தாக்குகிறது.

ஆகவேதான் தேவையில்லாத முதல் தழும்பே விழக் கூடாது என்கிறேன். நினைவிருக்கட்டும்: தேவையான நேரத்தில் செய்யும் அறுவை, உயிர் காக்கும் அறுவை. அதைத் தூற்றுபவன் மூடன். ஆனால் 2019-21 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100க்கு ஏறத்தாழ 45 அறுவை. அரசு மருத்துவமனைகளில் 36. தனியார் மருத்துவமனைகளிலோ 64! நாட்டுச் சராசரி 100க்கு 21 அல்லது 22. ஒரு நாட்டில் 100க்கு 10க்கு மேல் போனால் அதனால் தாய்சேய் மரணம் குறைவதாகக் காணவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. அரசு மருத்துவமனையில் 36 வயிறுகள், பணம் கட்டும் இடத்தில் 64 வயிறுகள். தமிழ்ப் பெண்ணின் இடுப்பெலும்பு கட்டடத்துக்குக் கட்டடம் மாறுகிறதா? கேள்வி கேட்க வேண்டாமா?

கேட்க வேண்டியவர்கள் சோதிடரிடம் போய் நிற்கிறார்களே, அந்த வெட்கத்தை எங்கே சொல்ல! நட்சத்திரம் பார்த்து, இராகு காலம் தவிர்த்து, "இத்தனை மணிக்கு அறுங்கள்" என்று சீட்டு எழுதி வருகிறார்கள். 39 வாரம் நிறையுமுன் நாள் பார்த்து எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். சோதிடன் குறித்த நேரத்தில் பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் தவிக்கும்போது, எந்த நட்சத்திரம் இறங்கி வந்து காற்று ஊதும்?

தம்பி! இப்போது உன்னைக் கேட்கிறேன். "அம்மா சொல்கிறார்கள்" என்றாரே தோழர். அவர் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் குற்றம். 1930களிலேயே கருத்தடை பற்றிக் 'குடி அரசு' ஏட்டில் துணிந்து எழுதச் செய்தவர் பெரியார். காது பொத்திக்கொண்டோர் அன்று பலர். அவர் படத்துக்கு மாலை போடும் நாம், அவர் சொன்னதை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைக்கலாமா? ஆணுறை இருக்கிறது. அறுவையின்போதே பொருத்தக்கூடிய காப்பர் டி இருக்கிறது. பிள்ளை போதும் என்றால் ஆணுக்குச் செய்யும் சிறு அறுவை இருக்கிறது. வயிற்றைத் திறக்க வேண்டாம், அன்றே வீடு திரும்பலாம். ஆனால் அதே கணக்கெடுப்பு சொல்கிறது: நாட்டில் மணமான பெண்களில் 100க்கு ஏறத்தாழ 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள், ஆண்கள் செய்துகொண்டதோ 1000க்கு 3! மீசை முறுக்குவதில் குறைவில்லை. வீரம் மட்டும் எங்கோ ஒளிந்துகொள்கிறது!

"ஓய்வு என்கிறீர்களே அண்ணே, கூலி யார் தருவார்?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 1961ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டம் 12 வாரம் தந்தது. 2017இல் அதை 26 வாரமாக்கினார்கள். அரசு ஊழியத்தில் இருக்கும் பெண்ணுக்கு, 9 மாதமாக இருந்த விடுப்பை 2021 சூலை முதல் 12 மாதமாக உயர்த்தியது நம் கழக அரசு. பெருமைதான்! ஆனால் தறியில் உட்காருபவளுக்கு? சூளையில் கல் சுமப்பவளுக்கு? களை எடுப்பவளுக்கு? அவர்களுக்கு எசமானன் யார் என்றே தெரியாதபோது விடுப்பு யார் தருவது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தரும் உதவித்தொகையை 2006இல் 6,000 ரூபாயாக உயர்த்தியது நம் அரசு; 2018இல் அது 18,000 ஆயிற்று. ஆறு மாதத்துக்குப் பங்கிட்டுப் பார்: நாளொன்றுக்கு 100 ரூபாய்! அரசு அலுவலகத்துப் பெண்ணின் கருப்பை ஆற 12 மாதம் வேண்டும். கூலிக்காரியின் கருப்பை ஆற 100 ரூபாய் போதும் என்று எந்த மருத்துவ நூலில் எழுதியிருக்கிறது? தழும்பு சாதி பார்ப்பதில்லை, சம்பளம் பார்ப்பதில்லை. இருவருக்கும் ஒரே காலம்தான் கேட்கிறது. நம் அரசு என்பதற்காக நான் வாய் மூடமாட்டேன். நமது என்பதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். ஆறு மாதக் கூலிக்கு ஈடான தொகை, அமைப்புசாராத் தொழிலாளர் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டும்! தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் போனசுக்குப் பக்கத்தில் இதையும் எழுது!

சட்டம் வரும்வரை? நீதான் சட்டம். ஆறு வாரம்வரை குழந்தையைவிடக் கனமான எதையும் அவள் தூக்கக் கூடாது. குடத்தை நீ தூக்கு. காய்ச்சல், நாற்றம், அதிக இரத்தப்போக்கு, புண்ணில் சிவப்பு, இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே அழைத்துப் போ. கீரையும் முட்டையும் முதலில் அவள் இலையில் விழட்டும். மாதங்கள் போன பிறகும், விலக்கு முடிந்த பின் சொட்டுச் சொட்டாக இரத்தம் படுகிறது என்று அவள் சொன்னால், "பெண்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்று தட்டிக் கழிக்காதே. தழும்பிலே பள்ளம் விழுந்திருக்கலாம், ஸ்கேனில் தெரியும். கொடிக்கம்பம் சாயாமல் பார்த்துக்கொள்ளும் கை, குடம் சுமந்தால் தாழ்ந்துவிடுமா?

அந்தத் தோழரிடம் இவ்வளவும் சொன்னேன். நடுத்தெருவில், சோடியம் விளக்கின் கீழே நின்றபடியே சொன்னேன். தலை குனிந்து கேட்டார். "எனக்கு யாரும் சொல்லவில்லை அண்ணே" என்றார். குரல் உடைந்தது. "இப்போது சொல்லியாயிற்று. இனி நீ நாலு பேருக்குச் சொல்" என்றேன்.

குழந்தைக்குப் பெயர் கேட்டாரல்லவா? "கயல்விழி" என்று வைத்தேன். "அடுத்த வருடம் அழைக்காதே. கயல்விழிக்கு மூன்று வயது ஆகட்டும்; அவள் பள்ளிக்குப் போகும் அழகைப் பார்க்க அழை. அப்போதும் உன் துணைவி விரும்பினால்தான் அடுத்த குழந்தையைப் பற்றிய பேச்சு. அவள் விரும்பினால், அவள் டாக்டரும் சம்மதித்தால்!" என்றேன்.

"சரி அண்ணே" என்றார். மிச்சக் கற்கண்டை நீட்டினார். வாங்கி வாயில் போட்டேன்.

இப்போது இனித்தது, தம்பி!